எந்த ஃபங்ஷன்?

"ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுல ஃபங்ஷன், குடும்பத்தோட வந்துடணும்." மாயவரம் அத்தை இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறார். என்ன ஃபங்ஷன் அத்தை? வளைகாப்பு என்றால் கண்ணாடி வளையல் வாங்க வேண்டும். காதுகுத்து என்றால் தாய்மாமன் சீர் இருக்கிறது. வெற்றிலை, பழத்தட்டு, குழந்தைக்குத் தோடு என்று கும்பகோணம் கடைத்தெருவில் பாதி நாள் போய்விடும். பெயர் தெரியாமல் எதை வாங்குவது?

ஆங்கிலத்தில் ஃபங்ஷன் என்றால் முதலில் ஒரு பொருளின் வேலை, செயல்பாடு. கணக்குப் பாடத்தில் அதுவே சார்பு. விழா, விருந்து என்ற பொருளும் அங்கேயே உண்டு, ஆகவே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே படத்திறப்பையும் சிலர் ஃபங்ஷன் என்கிறார்கள். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக அங்கே போய் இறங்கினால் அந்த வீட்டார் மனசு என்ன பாடுபடும்?

எனக்கு ரொம்பவே வலிப்பது ஆடிப்பெருக்குதான். ஆடி 18 அன்று காவிரிக்கரையில் புதுப்பெண்ணுக்குத் தாலி பிரித்துக் கோர்ப்பார்கள். காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு என்று எத்தனை இருக்கிறது அதில்! அதையும் "ஆத்தங்கரையில சின்ன ஃபங்ஷன்" என்கிறார்கள்.