ஹப் கியர் என்றால் பராமரிப்பே இல்லையா?

"ஹப் கியர் சைக்கிள் வாங்கினால் பராமரிப்பே வேண்டாம், மொரிஷியஸின் கடலோரப் போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பிப் வரை சுலபமாக ஏறலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. (ஹப் கியர் என்றால் பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் மூடியிருக்கும் கியர்.)

கியூர்பிப் மழையிலும் சேற்றிலும் ஹப்பின் உள்ளே மூடியிருக்கும் பற்சக்கரங்கள் பாதுகாப்பாக இருக்கும், உண்மை. ஆனால் செயின் வெளியேதான் ஓடுகிறது, அதற்கு எண்ணெய் வேண்டும். விலை அதிகமான ரோலோஃப் ஹப்புக்கே 5000 கி.மீ.க்கு ஒருமுறை, இல்லாவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை, எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள். பின்சக்கரம் பஞ்சரானால் பெரும்பாலும் கியர் கேபிளையும் கழற்ற வேண்டும். வழியில் அது ஒரு தலைவலி.

ஏற்றத்துக்கு வருவோம். கியூர்பிப் கடல்மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரம். சாதாரண 3 கியர் ஹப்பில் மிக லேசான கியர்கூட நடுக் கியரைவிட 25 சதவீதம்தான் லேசு. பின்னால் பெரிய பல்சக்கரம் போடலாம், அப்புறம் இறக்கத்தில் மிதிக்கக் கியர் போதாது. ஷிமானோ நெக்ஸஸ் 8 கியர் ஹப்பில் வீச்சு, அதாவது மிக லேசான கியரோடு ஒப்பிட்டால் மிகக் கனமான கியர், சுமார் 307 சதவீதம். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளி கியர் மாற்றும் டிரெயிலியரில், முன்னால் 50, 34 பற்களும் பின்னால் 11 முதல் 34 பற்கள் வரையும் இருந்தால், சுமார் 455. ரோலோஃப் 526 தரும், ஆனால் அந்த விலைக்கு இன்னொரு நல்ல சைக்கிளே வாங்கிவிடலாம்!

ஊருக்குள் கடைக்குப் போய்வர ஹப் கியரையே நானும் சொல்வேன். நின்றபடியே கியர் மாற்றலாம், சிக்னலில் அது பெரிய வசதி.