சீனாவுக்கு ரயிலே மேல்

பெய்ஜிங், சியான், ஷாங்காய் மூன்றையும் ஒரே வாரத்தில் விமானத்தில் சுற்றிவரலாம் என்கிறது நான் படித்த சீனப் பயணக் கட்டுரை ஒன்று; ஆனால் விமான நிலையங்களுக்குப் போய்வந்து காத்திருக்கும் நேரத்தையும் கணக்கிட்டால் அதிவேக ரயிலே மேல் என்பது என் கருத்து. 2011இல் திறக்கப்பட்ட பெய்ஜிங்–ஷாங்காய் பாதையின் நீளம் 1,318 கிலோமீட்டர். விரைவான வண்டிகள் அதை ஏறத்தாழ நாலரை மணி நேரத்தில் கடந்துவிடுகின்றன.

பெய்ஜிங்கில் தடைசெய்யப்பட்ட நகரம் எனப்படும் பேரரண்மனை பொதுவாகத் திங்கட்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும் என்பதையும், கடவுச்சீட்டு விவரத்துடன் முன்பதிவு செய்ய வேண்டும் என்பதையும் கட்டுரை ஆசிரியர் குறிப்பிட்டிருக்கலாம். தெற்கு வாயிலில் நுழைந்து வடக்கே வெளியேறுவோர் எதிரேயுள்ள ஜிங்ஷான் குன்றில் ஏறினால்தான் அந்த மஞ்சள் கூரைகளின் முழு ஒழுங்கும் புலப்படும். அதற்குள் கால் ஓய்ந்துபோய்ப் பலர் அதைத் தவறவிடுகிறார்கள்.

சியானுக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கியிருப்பது போதவே போதாது. 1974இல் கிணறு வெட்டிய உழவர்களின் கண்ணில் பட்ட சுடுமண் படை, அதாவது பழங்காலப் பேரரசர் ஒருவரின் கல்லறையருகே புதைக்கப்பட்ட வீரர் சிலைகள், நகருக்கு வெளியே தொலைவில் இருப்பதால், அதற்கே பகலின் பெரும்பகுதி போய்விடும். மிங் அரசமரபுக் காலத்து நகர மதிலின் மேல் வாடகை சைக்கிளில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வலம்வருவதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஷாங்காய் ஆற்றங்கரையின் விளக்குகளுக்கு ஒரு மாலைப்பொழுதே தாராளம்.