முயல் என்றால் எந்த முயல்?

அந்த வீடியோவை ஆளாளுக்கு அனுப்பியாகிவிட்டது, பார்த்தும் ஆகிவிட்டது. கொடைக்கானல் மேல்மலைப் பூண்டுக்காடு, "அனாதை" முயல்குட்டி, அட்டைப்பெட்டி, மருந்து ஊற்றும் சிரிஞ்சில் பசும்பால். மூன்றாம் நாள் கறுப்பு ரிப்பன்.

அது அனாதை இல்லை. அது காட்டு முயல். வீடியோவின் கீழே "இது வளர்ப்பு முயல் இல்லை" என்று நான் எழுதியதற்கு, "வந்துட்டார் தமிழ் வாத்தியார்" என்று பதில். சரி, வாத்தியாராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

அதே மலையில் மன்னவனூர் ஆட்டுப் பண்ணையில் இருக்கும் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா என்ற வளர்ப்பு முயல் இனங்கள் எல்லாம், வளை தோண்டி வாழும் ஐரோப்பியக் குழிமுயல் வம்சம். ஏறக்குறைய 31 நாள் சினை. 28ஆம் நாள் பெட்டியில் காய்ந்த புல்லைப் போட்டு வைத்தால், தாய் தன் மயிரையே பிடுங்கி மெத்தை போடும். குட்டி மயிரில்லாமல், கண் மூடிப் பிறக்கும். கண் திறக்கவே பத்து நாளுக்கு மேல் ஆகும். அதற்குப் பெட்டி வேண்டும், கதகதப்பு வேண்டும்.

நம் மலைப் புல்வெளியில் ஓடுகிற, பிடரியில் கறுப்புத் திட்டு உள்ள காட்டு முயல் வளை தோண்டாது. புல்லை அழுத்திப் பள்ளமாக்கிப் படுக்கும், அவ்வளவுதான். குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். தாய் பகல் முழுக்கப் பக்கத்தில் வராது. வந்தால் நரிக்கும் நாய்க்கும் வழி காட்டியது போலாகும். பொழுது சாய்ந்த பிறகு வந்து, சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். குட்டி அசையாமல் கிடப்பது பயத்தில் அல்ல, அதுதான் அதன் தற்காப்பு. அதைத்தான் "தவிக்குது பாருங்க" என்று தூக்கினார்கள்.

"காப்பாற்றத்தானே எடுத்தாங்க?" என்பீர்கள். எடுத்தார்கள், செத்தது. முயல் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிடப் பல மடங்கு. பசும்பால் கொடுத்தால் வயிறு உப்பும், கழியும். சிரிஞ்சை வேகமாக அழுத்தினால் பால் நுரையீரலுக்குப் போகும். கூண்டில் விட்டால் மிரண்டு கம்பியில் மோதும்.

செய்ய வேண்டியது இதுதான். நாயைக் கட்டுங்கள், நீங்களும் தள்ளிப் போங்கள். ஆள் நின்றால் தாய் வராது. களை வெட்டும் இடம் என்றால் ஒரு பிடி புல்லோடு சேர்த்துத் தூக்கி, சில அடி தள்ளி மறைவில் வையுங்கள். ரத்தக் காயமோ நாய்க்கடியோ இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றம். "பண்ணை முயலோடு ஜோடி சேர்த்தா குட்டி போடுமா?" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். போடாது. காட்டு முயலுக்குக் குரோமோசோம் 48, பண்ணை முயலுக்கு 44.

"ஒரு சொல்லுக்கு இவ்வளவு கோபமா?" ஆமாம், கோபம்தான். "முயல்" என்ற அந்தச் சொல்லே காட்டு முயலுடையது. குறள் 772இல் அம்பு பட்டது "கான முயல்". முயற்கொம்பு என்றோம், நிலவின் கறையை முயற்கறை என்றோம், பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றோம், முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தால் தெரியும் என்றோம். எல்லாம் இந்தப் பழுப்பு முயலைப் பார்த்துச் சொன்னது. பிறகு வந்த கூண்டு விலங்கு பெயரை வாங்கிக்கொண்டது. இப்போது ஆமையோடு ஓடிய முயலைக்கூட வெள்ளையாக, சிவப்புக் கண்ணோடுதான் படம் போடுகிறார்கள். வீட்டுக்காரனைக் "காட்டு" என்று அடைமொழி போட்டு வெளியே நிறுத்திவிட்டோம். அதுவாவது போடுங்கள் என்றுதான் கெஞ்சுவது.

இதில் காட்டு முயலைக் "குழிமுயல்" என்று எழுதும் அறிஞர்களும் உண்டு. படுக்கும் பள்ளமும் குழிதானே என்பார்கள். ஒத்துக்கொள்ளலாம், அரை மனதாக. ஆனால் படிக்கிறவர் மனதில் வருவது வளை. வளை என்றால் பெட்டி, பெட்டி என்றால் பஞ்சு, பஞ்சு என்றால் அந்த சிரிஞ்ச்.

இன்று காலை அதே வீடியோவின் கீழே ஒருவர்: "அடுத்து கிடைச்சா சொல்லுங்க ப்ரோ, கூண்டு ரெடியா இருக்கு." கீழே வரிசையாக இதயங்கள்.