ஆர்க்கிட்டைச் செம்மண்ணில் நடாதீர்கள்
ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்கு, "பூ உதிர்ந்ததும் செம்மண், மணல் கலந்து பெரிய தொட்டிக்கு மாற்றி, தினமும் தண்ணீர் ஊற்றுங்கள்" என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம், வேர் அழுகிவிடும்.

வீடுகளில் அதிகம் வளர்க்கும் ஆர்க்கிட் வகையான ஃபலனாப்சிஸ், காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்கிற செடி. வேருக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். மண்ணுக்குள் அது கிடைக்காது. மரப்பட்டை, கரித்துண்டு, நன்றாக ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டைத் துண்டுகள் போதும். தென்காசி மாவட்டத்தில் நம் செங்கோட்டை, புளியரைப் பக்கம் மட்டைக்குப் பஞ்சமே இல்லை. தொட்டி, வேர் கொள்ளும் அளவுக்கு இருந்தால் சரி. கறுத்துக் கொழகொழத்த வேரை மட்டும் வெட்டுங்கள். பூ முடிந்த சமயம் மாற்றுவதற்கு ஏற்றதுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியதில்லை. பட்டை மக்கிய பிறகு, ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாம்.

தண்ணீருக்கு நாள் கணக்கு பார்க்காதீர்கள், வேரைப் பாருங்கள். வெளிறிச் சாம்பல் நிறமானால் ஊற்றுங்கள். பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். அதிலும் ஆனி, ஆடிச் சாரலில் நம் ஊர்க் காற்றே ஈரமாக இருக்கும், தொட்டி காயவே தாமதமாகும். அப்புறம், இலைகளின் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.