லயத்து நாய்க்குப் பல்லு ஆப்பரேசன்

சனிக்கிழமை எங்க நாய் ஜிம்மி போட்டோவுக்குக் கீழ நம்ம அண்ணன் ஒருத்தர் போட்ட கமெண்ட் எல்லாரும் பாத்திருப்பீங்க, பாக்காதவங்களுக்கும் ஸ்கிரீன்ஷாட் போயிருச்சாம், அதனால திரும்ப எழுதல. "லயத்து நாய்க்கு கொழும்புல பல்லு ஆப்பரேசன்"ங்கிற அந்த ஒரு வரி மட்டும் (லயம்னா தேயிலைத் தோட்டத்து லைன் வீடு) ரெண்டு நாளா மண்டைக்குள்ளயே நிக்கிது. சிரிப்பு எமோஜி எண்ணிப் பாத்தேன், 64. அதுல ஆறு பேரு எங்க சொந்தம்.

48,000 ரூவா. ஆமா. வேன் கூலி தனி. யாருகிட்டயும் கைமாத்து கேக்கல.

மூணு மாசமா ஜிம்மிக்கு வலது கண்ணுக்குக் கீழ நெல்லிக்கா அளவுக்கு வீங்கும். டவுன்ல காட்டுனோம், ஊசி, மாத்திரை, அஞ்சு நாள்ல வத்திரும், மூணு வாரத்துல திரும்ப அதே இடம். இப்பிடி மூணு தடவ. கண்ணு வியாதின்னு சொட்டு மருந்து வேற ஊத்துனோம். கண்ணுல ஒண்ணுமே இல்ல! நாய்க்கு மேல் தாடையில இருக்கிற பெரிய கடவாப் பல்லுக்கு மூணு வேரு, அந்த வேரு முடியிற இடம் கண்ணுக்குக் கீழ. கெட்டி எலும்பக் கடிச்சு பல்லு பொளந்து உள்ள சீழ் கட்டுனா வீக்கம் அங்கதான் வரும். மருந்து சீழ அடக்கும், கெட்ட பல்லு அப்பிடியேதான் கிடக்கும். எக்ஸ்ரே எடுக்காம வேரு எப்பிடி இருக்குன்னு பாக்க ஏலாது, முழு மயக்கம் குடுக்காம நாய் வாய்க்குள்ள எக்ஸ்ரே எடுக்கவும் ஏலாது. காசு அங்கதான் போவுது அண்ணே. கொழும்பு டாக்டர் பல்ல மூணு துண்டா வெட்டி ஒவ்வொரு வேரா எடுத்து சின்ன பையில போட்டு எங்கிட்ட குடுத்தாரு, ஒரு துண்டு உள்ள ஒடஞ்சு நின்னாலும் திரும்ப வீங்கும்னாரு.

எல்லாரும் பெரிய டாக்டர்கிட்ட ஓடுங்கன்னு நான் சொல்லல. பல்லுல காரை படிஞ்சு வாய் நாறுதுன்னா பக்கத்துல கிளீன் பண்ணிக்கலாம், பேராதனை கெம்பஸ்ல மிருக ஆஸ்பத்திரி இருக்கு, கேட்டுப் பாருங்க. நாங்க கொழும்பு போனது தம்பி வத்தளையில இருக்கான், தங்கலாம்னு. பல்ல காப்பாத்தி ரூட் கெனால் கூட பண்ணலாம்னாரு டாக்டர், வெலையக் கேட்டுட்டு புடுங்கிருங்கன்னுட்டோம். ஆனா பொளந்த பல்லு, திரும்பத் திரும்ப வர்ற வீக்கம், இதுக்கு பல்லு தெரிஞ்ச ஆளுதான் வேணும். மூணு தடவ ஊசிக்குப் போன காசும் காசுதானே?

அந்தக் காலத்துல நாய்க்கு பல்லா பாத்தோம்னு ஒருத்தர். பாக்கல. அதுக்கு?

"மனுசனுக்கே வழியில்லாத ஊருல"ன்னு இன்னொருத்தர். இதத்தான் தாங்க முடியல. எங்கப்பா தோட்டத்துல தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுனவரு. பல்லு வலிச்சா கிராம்ப கடிச்சுக்கிட்டு தாடையில துண்ட கட்டிக்கிட்டு மலைக்குப் போவாரு, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னிக்குப் பேரு இல்ல, சம்பளமும் இல்ல. தாங்க முடியாதப்ப போயி ஒவ்வொண்ணா புடுங்கிட்டு வந்தாரு. கடைசி வரைக்கும் ரொட்டிய பிளேன்டீல நனைச்சுத்தான் சாப்பிட்டாரு. 2021ல தோட்டத்துக்கு 1000 ரூவா நாள் சம்பளம் வந்தப்ப அவரு இல்ல. வழியில்லன்னா என்னன்னு எனக்கு நீங்க சொல்லித் தர்றீங்களா? அப்ப ஒரு பய எங்க இஸ்தோப்ப, வாசத் திண்ணைய, எட்டிப் பாத்தீங்களா? சரி, அந்த அண்ணன் அப்ப ஸ்கூல் பையன், அது வேற.

அவரு மக சடங்குக்கு ட்ரோன் கேமரா பறந்துச்சு. நான் ஹார்ட் போட்டேன். எவ்வளவு ஆச்சுன்னு கேக்கல.

ஜிம்மிக்கு தையல் ஆறுற வரைக்கும் ரொட்டிய நனைச்சுத்தான் குடுக்கணும். காலையில தட்டுல பிச்சுப் போட்டு சுடுதண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன், அம்மா வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க, ஒண்ணும் பேசல, உள்ள போயி இன்னொரு ரொட்டி எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்து அவங்களே பிச்சுப் போட்டாங்க.