கங்கைகொண்ட சோழபுரம் என்றால் கோயில் மட்டும்தானா?

கங்கைகொண்ட சோழபுரம் பற்றி யார் எழுதினாலும் கோயில் படம் ஒன்றைப் போட்டு, ராஜேந்திரன் கங்கை வரை படை அனுப்பினான், கடாரம் வென்றான் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் நிறைய வருத்தம் உண்டு. அது ஒரு பேரரசின் தலைநகரம். 1025 வாக்கில் தஞ்சாவூரை விட்டு அங்கே போன சோழர்கள் 1279இல் ஆட்சி முடியும்வரை, கிட்டத்தட்ட 250 ஆண்டுகள் அங்கே இருந்துதான் ஆண்டார்கள். அரண்மனை, மதில், படைவீடு, ஏரி எல்லாம் இருந்த ஊர். இன்று நிமிர்ந்து நிற்பது கோயில் ஒன்றுதான் என்பதால் ஊரே அவ்வளவுதான் என்று நாமும் நினைத்துக்கொண்டோம்.

கோயிலைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. வடக்கு வாசல் படிக்கட்டுப் பக்கம் சிவன், பார்வதியை அருகில் வைத்துக்கொண்டு, குனிந்து கைகூப்பும் தன் அடியார் சண்டேசர் தலையில் பூமாலையைச் சுற்றிவிடுகிறாரே, சோழர் காலச் சிற்பங்களில் எனக்கு அதற்கு மேல் ஒன்று கிடையாது. ஐப்பசி பௌர்ணமிக்கு 13 அடி லிங்கத்தைச் சாதத்தால் மூடும் அன்னாபிஷேகத்துக்கு எவ்வளவு கூட்டம் வருகிறது! 2004இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். சரி, கோயிலுக்குக் காவல் இருக்கிறது. மற்றதற்கு?

கோயிலே முழுசாகத் தப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அரசு இந்தக் கோயிலின் சுற்று மதிலைப் பெயர்த்துக் கல்லை எடுத்துக்கொண்டு போனது. ஊர்ச்சனங்கள் தங்களால் முடிந்தவரை தடுத்துப் பார்த்தார்கள், தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று கொடுத்த வாக்கும் காப்பாற்றப்படவில்லை என்று அடுத்த இருபது ஆண்டுக்குள்ளேயே ஆங்கிலத்தில் பதிவாகியிருக்கிறது. அந்தச் சனங்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பாரம்பரியத்தைக் காக்க நின்றவர்கள் என்று யாரையாவது கொண்டாட வேண்டுமென்றால் நான் அவர்களைத்தான் சொல்வேன்.

கோயிலுக்குத் தென்மேற்கே கொஞ்ச தூரத்தில் மாளிகைமேடு. 1980இலிருந்து தமிழகத் தொல்லியல் துறை விட்டு விட்டுத் தோண்டுகிறது, 2021இல் மறுபடி தொடங்கினார்கள். தடித்த செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனத்துப் பீங்கான் துண்டுகள் எல்லாம் வந்தன. இவ்வளவு பெரிய அரண்மனையில் மிச்சம் அடித்தளம்தான், ஏனென்றால் தலைமுறை தலைமுறையாக அந்தச் செங்கலைத் தோண்டி வீடு கட்டியிருக்கிறார்கள். அந்த மக்களை நான் குறை சொல்ல மாட்டேன். காலுக்குக் கீழே கிடப்பது இன்னது என்று அவர்களிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. சுற்றி இருக்கிற ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், கடாரங்கொண்டான். அந்தக் காலத்து நகரம் முழுக்க இந்த ஊர்களில் வயலாகவும் வீட்டுமனையாகவும் கிடக்கிறது. அங்கே வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு தூண் துண்டோ உறைகிணறோ வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் தன் மனை பறிபோகுமா போகாதா என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரிய வேண்டாமா? பயம் இருக்கிறவரை கிடைத்ததை மூடிவிட்டுத்தான் கட்டுவார்கள்.

அப்புறம் அந்த ஏரி. அதன் பெயர் சோழகங்கம். ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீரால் ஆன வெற்றித்தூண் என்கிறது. எல்லாரும் கல்லில் தூண் நட்ட காலத்தில் கங்கை நீரைக் கொண்டுவந்து ஊற்றி ஏரியை வெற்றிச் சின்னமாக்கினான் ஒரு அரசன். கரை மட்டுமே 16 மைல் நீளம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். கொள்ளிடத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து நிறைந்த அந்த ஏரிதான் இன்று பொன்னேரி என்ற பெயரில் தூர்ந்துபோய்க் கிடக்கிறது. 2025இல் ராஜேந்திரன் பிறந்த நாளான ஆடித் திருவாதிரைக்குப் பிரதமர் வந்தார், நாணயம் வெளியிட்டார், மாநில அரசும் ஏரியைச் சீரமைப்பதாக அறிவித்தது. சந்தோஷம். ஆனால் கரையோரம் நடைபாதையும் விளக்கும் போட்டு நிறுத்திவிடக் கூடாது. வரத்து வாய்க்காலைத் தோண்டி, தூரெடுத்து, கீழே இருக்கிற வயலுக்குத் தண்ணீர் பாயும்படி செய்ய வேண்டும். சிலைக்கும் மணிமண்டபத்துக்கும் ஒதுக்குகிற பணத்தை முதலில் இதற்கு ஒதுக்குங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

கும்பகோணத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் கோயிலில் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பாதீர்கள். மாளிகைமேட்டுக்கும் போங்கள், ஜெயங்கொண்டம் பக்கம் போய்ப் பொன்னேரிக் கரையிலும் ஏறிப் பாருங்கள், ஊர்ப் பெரியவர்களிடம் நாலு வார்த்தை பேசுங்கள். படம் எடுத்தால் அதையும் போடுங்கள்.