இழுக்கும் முன் கொஞ்சம் பாருங்கள்

விலகின தோள்மூட்டை ஒருவர் கிரிக்கெட் மைதானத்திலேயே இழுத்துப் போடுகிற அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு டேக் பண்ண வேண்டாம். பார்த்துவிட்டேன். எங்கள் பெரியம்மா உட்பட ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டீர்கள். "ஒரு நிமிசத்தில் போட்டுவிட்டார், ஆஸ்பத்திரி என்றால் எக்ஸ்ரேக்கே மூன்று மணித்தியாலம்" என்ற கருத்தையும் அதற்கு விழுந்த இதயங்களையும்கூடப் பார்த்தேன்.

தோள்மூட்டு விலகினால், இழுக்கும் முன் பார்க்க வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான். தோளின் வெளிப்பக்கத்தைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று கேட்பது, மணிக்கட்டில் நாடி பார்ப்பது, பிறகு எக்ஸ்ரே. அக்குள் நரம்பு அந்த இடத்தில் எலும்பைச் சுற்றித்தான் போகிறது. இழுத்த பிறகு தோள் மரத்திருந்தால், அது விழுந்ததில் வந்ததா, இழுத்ததில் வந்ததா? வலிப்பிலோ மின்சாரம் தாக்கியோ பின்பக்கமாக விலகின தோளை, முன்னாலிருந்து எடுத்த எக்ஸ்ரேயிலேயே தவறவிடலாம். நீங்களோ கைபேசியில் பார்த்தே கண்டுபிடிக்கிறீர்கள்.

கொழும்பு, கொட்டாஞ்சேனைத் தம்பி ஒருவன், ஆட்டோ கவிழ்ந்து விழுந்தவன். கூட்டாளிகள் பிடித்துக்கொள்ள, ஒருவன் அக்குளில் குதிகாலை வைத்து இழுத்திருக்கிறான். பழங்காலக் கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் காலத்து முறைதான். அவரிடம் எக்ஸ்ரே இருக்கவில்லை. தம்பி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் மேற்கை எலும்பின் கழுத்தே முறிந்து விலகிக் கிடந்தது. தாதி கத்தரிக்கோலை எடுத்ததும், "மிஸ், புதுச் சேர்ட், வெட்டாமல் கழற்ற ஏலாதா?" என்று அழுதான்.

"சின்னப் பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே இல்லாமல் நீங்களே போடுகிறீர்களே?" ஓம், போடுகிறோம். காலி வீதியைக் கடக்கும்போது அம்மம்மா கையை வெடுக்கென்று இழுத்ததில் முழங்கை நழுவின இரண்டு வயதுக்காரிக்கு. உள்ளங்கை கீழே பார்க்க முன்கையைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் டொபிக்குக் கையை நீட்டுவாள். அதுவும் நடந்ததைக் கேட்டு, கையைத் தடவிப் பார்த்த பிறகுதான். விழுந்த பிள்ளை என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் தொடமாட்டோம்.

"நேரம் போனால் தசை இறுகிவிடும்." உண்மை. அதனால்தான் உடனே வரச் சொல்கிறோம். கையை இருக்கிற நிலையிலேயே தாங்கி, ஒரு சால்வையால் கட்டி, 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம். "ஊரில் காலங்காலமாக இழுத்தார்கள்" என்பவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

எக்ஸ்ரே எடுக்கச் சொல்வதில் எங்களுக்குக் கமிஷனாம்! அரசாங்க ஆஸ்பத்திரியில் அதை எந்த ஜன்னலில் கொடுக்கிறார்கள் என்று சொல்லுங்கள், நானும் போய் வரிசையில் நிற்கிறேன். நடுச்சாமத்தில் வலிக்கு ஊசி போட்டு, ஆளோடு கதை கொடுத்தபடி, கையை மெல்ல மெல்ல வெளிப்பக்கம் திருப்பி மூட்டைப் போடுகிறோம். அதை ஒருவரும் வீடியோ எடுப்பதில்லை. ஆள் கத்தாததால் சுவாரசியம் குறைவு போலும்.

"வைத்தியர்களுக்குத் திமிர்" என்று கீழே எழுத நினைப்பவர்கள் எழுதலாம். இன்றைக்கு இரவுக் கடமை, பதில் போட நேரமிருக்காது.